பழைய வீடு சீரமைக்க வெளிநாடு போகலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். வயது 23. சிவில் டிப்ளமோ முடித்து ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறேன். கோடையில் இரண்டு மாதம் பிரான்சில் குழந்தைகள் இயற்கை முகாமிலும், பழைய கல்வீடுகளைச் சீரமைக்கும் இடத்திலும் தன்னார்வலராக இருக்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட் விசா போதும் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஒன்றரை லட்சம் இருக்கட்டும், அந்த ‘டூரிஸ்ட் விசா போதும்’ என்ற பேச்சே சரியில்லை. விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டு, பாரிஸில் இறங்கியதும் அதிகாரியிடம் முகாமுக்கு வந்தேன் என்றால் அங்கிருந்தே திருப்பி அனுப்பலாம். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான் என்று பார்க்கும் நாடுகள் உண்டு. அதனால் முகாம் நடத்தும் அமைப்பிடமிருந்தே அழைப்புக் கடிதம் வாங்குங்கள். என்ன வேலை, நாளுக்கு எத்தனை மணி நேரம், படுக்கையும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். அதைக் காட்டி, உண்மையான காரணத்தைச் சொல்லியே விசா கேளுங்கள். 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா, அதாவது பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. அதைத் தாண்டினால் பிரான்சின் நீண்ட கால விசா, அது வேறு கதை.

ஏஜென்ட் இல்லாமல் எப்படி? தன்னார்வலர் முகாம்கள் நடத்தும் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இருக்கிறது. முதல் உலகப்போரில் சிதைந்த எஸ்ன் என்ற பிரெஞ்சு கிராமத்தில் வீடுகளைத் திரும்பக் கட்ட 1920-இல் கூடிய முகாமில்தான் அது பிறந்தது. அதைத் தொடங்கிய பியர் செரசோல் 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாருக்கே வந்து கிராமங்களைக் கட்ட உதவியவர். இந்தியாவிலும் இதற்குக் கிளை உண்டு. விண்ணப்பம் அது வழியாகத்தான் போகும். பிரான்சில் பழங்கட்டடங்களுக்கென்றே 1966 முதல் இயங்குவது ரெம்பார் என்ற அமைப்பு. இந்த மாதிரி முகாம்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம். சிறு பங்கேற்புக் கட்டணம் இருக்கும், விமான டிக்கெட் உங்கள் செலவு. இலவசம் என்று யாராவது சொன்னால், எது எது இலவசம் என்று கேளுங்கள்.

இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள் என்பது என் கருத்து. பிள்ளைகளோடு இருக்க அவர்கள் மொழி வேண்டும். பிரான்சில் விடுமுறை முகாம்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு பாஃபா என்று தனிச் சான்றிதழே இருக்கிறது. அது இல்லாமல் போனால் சமையல்கட்டு, கூடாரம் என்று உதவியாளராகத்தான் இருப்பீர்கள். அதற்கும் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்தால் திருநெல்வேலியிலேயே வாங்கலாம். பிள்ளைகள் முகாமில்தான் மனசு இருக்கிறது என்றால், முதலில் இங்கே பழகுங்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மையம் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் பறவை எண்ணுகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

வீட்டு வேலைக்கு நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. அந்தக் கல்வீடுகளின் சுவர் சுண்ணாம்பிலும் மண்ணிலும் நின்றது. இடையில் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே தங்கும் ஈரம் கல்லையே உதிர்க்கும். முகாமில் பாதி நேரம் அந்த சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையால் இடுக்கு நிரப்புவதில் போகும். நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் இதே நோவுதான். தார்சா சுவரில் அடியில் பொருமிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை அரைத்த வயசாளி கொத்தனார் ஊரில் யாராவது இருந்தால், போவதற்கு முன் சில நாள் அவருக்குச் சித்தாள் வேலை பாருங்கள். அங்கே கடுக்காய் இருக்காது. ஆனால் கலவையின் பதம் கைக்குப் பிடிபட்டுவிடும், அதற்கு பிரெஞ்சு தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும், உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். முகாம்கள் கோடையில் குவிவதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணில் தெறித்தால் புண்ணாக்கும், கண்ணாடி கட்டாயம்.

செலவுக் கணக்கு: ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகைக்கு நேரில் போக வேண்டும், நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளில் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். அப்புறம், பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள்: ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.