உளவு பார்க்க ஒரு பத்து வயதுப் பிள்ளையா?

கேள்வி: திருமணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாக என் கணவர், கூட வேலை செய்யும் ஒரு பெண்ணுடன் இரவில் போனில் பேசுகிறார். கேட்டால் 'வேலை விஷயம்' என்கிறார். அவர் தூங்கிய பிறகு போனைத் திறந்து பார்த்தேன் (லாக் நம்பரை எங்கள் பத்து வயது மகன்தான் பார்த்துச் சொன்னான்). தப்பாக எதுவும் இல்லை. அழித்திருப்பாரோ? அவரை நம்பலாமா?

பதில்: ஒரு கடிதத்தை வைத்து அதை என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தீர்களே ஒரு வரி, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அந்த நம்பர் உங்களுக்குத் தேவை என்று பையனுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் கேட்டிருப்பீர்கள். இல்லை, அவன் காதுபடப் புலம்பியிருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். அப்பா பக்கத்தில் விளையாடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, அவர் விரல் எந்த எண்ணில் படுகிறது என்று கவனித்திருக்கிறான். இனி அவரிடம் அவனால் இயல்பாக ஒட்ட முடியுமா? நாளைக்கு விஷயம் வெளியே வந்து வீடு இரண்டுபட்டால், தான் சொன்ன நம்பரால்தான் எல்லாம் என்று நினைப்பான். வீட்டில் எது கெட்டாலும் தன்னால்தான் என்று எடுத்துக்கொள்கிற வயது அது.

கணவர் துரோகமே செய்திருந்தாலும் சரி, பிள்ளையைச் சாட்சியாக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து நேசிப்பது அவன் உரிமை. அதில் கை வைக்க உங்கள் கண்ணீருக்குக்கூட அனுமதி இல்லை.

அப்புறம் அந்த போன். இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் அழித்த குற்றம். மனிதர் எப்படித்தான் தப்புவது? தேடிப் பார்த்துக் கிடைக்கும் நிம்மதி மறுநாள் இரவு வரைகூடத் தாங்காது. திரும்பவும் கை போனுக்குத்தான் போகும். இதனால் அவர் யோக்கியர் என்று ஆகிவிடாது. மனைவி கலங்குவது தெரிந்தும் இரண்டே வார்த்தையில் வாயை அடைக்கிறவர் மேல் எனக்கும் கோபம்தான்.

முதலில் மகனிடம், "உன்னை அதில் இழுத்தது அம்மா செய்த தப்பு. இனி நீ எதையும் பார்க்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். பிறகு, அவன் இல்லாத நேரத்தில், போனைத் திறந்ததைக் கணவரிடம் நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்றால், பழியை முழுசாக உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். கத்துவார், கத்தட்டும். அவர் அடங்கியதும், இரவுப் பேச்சு உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று ஜாடை பேசாமல் நேராகச் சொல்லுங்கள். முழுப் பதில் வரும்வரை விடாதீர்கள். அவர் எதைச் சொன்னாலும் சந்தேகம் போகவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆதாரமே இல்லாமல் விடாது துரத்தும் சந்தேகத்துக்குச் சிகிச்சை உண்டு. அவர் கூட வரவில்லையென்றால் தனியாகப் போங்கள்.