“வழமைதான் அம்மா”

கேள்வி: எனக்கு 31 வயது. மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். மெதடிஸ்த திருச்சபையில் பிறந்து வளர்ந்தவன். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு எனக்குள் ஏதோ அறுந்துபோனது. அந்த வாரம் நான் போன செத்தவீடுகளை மறக்க முடியவில்லை. சின்னச் சின்னப் பெட்டிகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் போதகர் ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்று சொல்ல, சபையார் ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்பார்கள். என் வாய் திறக்காது. ஆனாலும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஊழியக் குழுவோடு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குப் போகிறேன். போன மாதம்கூட ஒரு ஆச்சியின் பக்கத்தில் பாயில் இருந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவருடைய கதையைக் கேட்டு, ஜெபித்துவிட்டு வந்தேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா சுனாமியில் போய்விட்டார். தங்கச்சி கலியாணம் முடித்துக் கனடாவில். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இரண்டு வருஷமாக ஆலயத்துக்கு வருவதில்லை. போனில் நேரலையைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நான் போவேன். திரும்பி வந்ததும் ‘இண்டைக்கு என்ன பிரசங்கம் மகன்?’ என்று கேட்பார். ‘வழமைதான் அம்மா’ என்றுவிட்டுச் சாப்பிட இருந்துவிடுவேன். 1814இல் இங்கே வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் போன்றவர்கள் எவ்வளவு உறுதியோடு எல்லாவற்றையும் விட்டு வந்திருப்பார்கள்! உயிர்த்தெழுதலையே நம்ப முடியாத நான் ஊழியத்துக்குப் போவது பாசாங்கு இல்லையா? குழுவை விட்டு விலகவா?

பதில்:

தம்பி, சந்தேகத்துக்காக விலக வேண்டாம். மத்தேயு 28ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீஷர்கள் பதினொரு பேர் கலிலேயாவில் மலைக்கு ஏறிப்போகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் கண்முன்னே நிற்கிறார். ‘அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு வசனம் தள்ளி, ‘புறப்பட்டுப்போய்’ என்று கட்டளை வருகிறது. சந்தேகப்பட்டவன் ஒதுங்கி நில், நம்பினவன் மட்டும் போ என்று அவர் யாரையும் பிரிக்கவில்லை. பதினொரு பேரையும் அனுப்பினார். 2019க்குப் பிறகு இதே கேள்வியோடு எனக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. எல்லோருக்கும் இந்த வசனத்தைத்தான் காட்டினேன்.

அந்தச் சின்னப் பெட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உயிர்த்தெழுதல் அதற்கெல்லாம் விளக்கம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். இதே மத்தேயுதான் இரண்டாம் அதிகாரத்தில், ஏரோது பெத்லெகேமில் கொன்ற குழந்தைகளைப் பற்றி எழுதினார். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ‘ஆறுதலடையாதிருக்கிறாள்’ என்றும் எழுதினார். கடைசி அதிகாரத்தில் கல்லறை திறந்த பிறகு, திரும்பிப் போய் அந்த வரியை அவர் அழிக்கவில்லை. அழுகிறவள் அழட்டும் என்று விட்டிருக்கிறார். உங்கள் வாய் திறக்காத அந்த ஞாயிறுகளில் வாயைத் திற என்று யாரும் உங்களை அதட்டக் கூடாது. நானும் அதட்டப் போவதில்லை.

ஓல்ட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் விட்டு வந்தவர் என்கிறீர்கள். அவருடைய மனைவி கப்பல் பயணத்திலேயே இறந்துபோனார். குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த தோமஸ் கோக்கும் கரை காணாமலே கடலில் இறந்தார். ஓல்ட் மட்டக்களப்புக்குத் தனியாக வந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த ஏப்ரலில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு வருஷம்கூட இங்கே இருக்கவில்லை. மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவரைப் பார்த்து உறுதியோடு வந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் இழந்துவிட்டு வந்தவர். உங்கள் அம்மாவோ உயிரோடு முன் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறார்.

அந்த அம்மாவைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

போனில் நேரலையைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போகிறீர்கள். அப்படியென்றால் முதல் பாட்டிலிருந்து வேதவாசிப்பு, பிரசங்கம், கடைசியில் வாசிக்கிற அறிவித்தல்வரை அம்மா கேட்டு முடித்திருப்பார். பிரசங்கம் என்னவென்று அவருக்குத் தெரியும், தம்பி! பிறகு ஏன் கேட்கிறார்?

உங்களைக் கேட்கிறார். அம்மா ஆலயத்துக்கு வந்த வருஷங்களில், உயிர்த்த ஞாயிறன்று பக்கத்தில் நின்ற மகனுடைய வாய் அசையவில்லை என்பதை ஒரு தாய் பார்க்காமல் இருந்திருப்பாரா? அதை நேரே கேட்டால் நீங்கள் எழும்பி அறைக்குள் போய்விடுவீர்கள் என்று தெரிந்துதான் பிரசங்கத்தைச் சாக்காக வைத்துக் கேட்கிறார். இரண்டு வருஷம், ஞாயிறுக்கு ஞாயிறு, நூறு தரத்துக்குக் குறையாமல் கேட்டிருப்பார். நூறு தரமும் அவர் கையில் நீங்கள் கொடுத்தது ‘வழமைதான்’.

திபேரியாக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை. உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்புப் போட்டு, அதன்மேல் மீன் வைத்து, அப்பமும் எடுத்து வைத்து, ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகு பேதுருவிடம் மூன்று தரம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்கிறார். மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டு, ‘ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்’ என்கிறான். தெரிந்துகொண்டேதான் கேட்டார். பேதுருவின் வாயால் வர வேண்டும் என்று கேட்டார். ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ என்ற ஊழியம் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் வந்தது. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது. நீங்கள் பதில் சொல்லாமல் சாப்பிடப் போகிறீர்கள்.

தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகக்காரன் என்று இரண்டாயிரம் வருஷமாகப் பேர் வாங்கிய ஆள். ஆனால் அவன் ‘விசுவாசிக்கமாட்டேன்’ என்று தன் ஆட்களின் முகத்துக்கு நேரே சொன்னான். எட்டு நாள் கழித்து அதே வீட்டில், அதே ஆட்களோடுதான் இருந்தான். அவனுக்குக் காட்சி கிடைத்ததும் அங்கேதான். நீங்கள் அம்மாவிடம் மறைத்துவிட்டு, முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பாசாங்கு எங்கே நடக்கிறது என்று கேட்டால், படுவான்கரையில் இல்லை, உங்கள் சாப்பாட்டு மேசையில்தான்.

அந்த ஆச்சிக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தீர்கள், நல்லது. அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களும் வேறு யாருடைய தாயையோ பார்க்கப் போயிருப்பார்களோ என்னவோ. வலையிறவுப் பாலம் தாண்டிப் போக உங்களுக்கு மோட்டார் சைக்கிளும் நேரமும் இருக்கிறது. கல்லடியிலிருந்து புளியந்தீவில் உள்ள ஆலயத்துக்கு அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போக இரண்டு வருஷமாக ஒரு ஞாயிறுகூட இல்லையா? தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பியவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. வாசியுங்கள். பெற்றவளைக் கதிரையில் விட்டுவிட்டுப் போகிற ஊழியம் எந்தப் பாலம் தாண்டிப் போனாலும் எனக்கு ஊழியமாகப் படாது. நான் இதில் கொஞ்சம் கடுமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு அப்போது பத்துப் பதினொரு வயது இருக்கும். புருஷனைக் கடல் கொண்டுபோன அந்தப் பெண் அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனாரா? எப்போது திரும்பப் போனார்? அடுத்த வருஷம் ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்று சொல்ல அவருக்கு வாய் வந்ததா? உங்களுடைய கேள்வியை உங்களுக்கு முன்னமே, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூக்கிச் சுமந்த ஆள் அதே வீட்டில் இருக்கிறார். ஒரு நாளாவது கேட்டீர்களா?

நான் கேட்கவில்லை. 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவு. எனக்கு ஏழு வயது. எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அம்மா கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். கூரைத் தகடு ஒவ்வொன்றாகப் பிய்ந்து போகிற சத்தத்துக்குள்ளே அவருடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விடியும்வரை அசைந்தது. என்ன சொன்னீர்கள் அம்மா என்று கேட்க எனக்கு நாற்பது வருஷம் இருந்தது. பிறகு கேட்கலாம் என்றே இருந்தேன். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்குத்தான் அது நினைவுக்கு வந்தது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருகிற இரண்டு சனிக்கிழமையும் குழுவுக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் அம்மா என்று சொல்லுங்கள், சந்தேகத்தை இழுக்க வேண்டாம். முதல் சனிக்கிழமை அம்மாவின் முழங்காலை வைத்தியரிடம் காட்டுங்கள். வயது போனால் அப்படித்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ஞாயிறு ஆராதனைக்கு முக்கால் மணித்தியாலம் முன்னால் ஓட்டோ வரட்டும். படி குறைந்த வாசல் எது என்று முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள். ஆலயத்து வாங்கு பதிவாக இருக்கும், முழங்கால் வருத்தக்காரருக்கு இருந்து எழும்பக் கஷ்டம். அதனால் கைபிடி வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றை ஓரத்தில் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருங்கள். பாட்டுக்கு அம்மா எழும்ப நினைத்தால் கையைக் கொடுங்கள். வர முடியாத வாரங்களில் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி போதகரைக் கேளுங்கள். கேட்டால் வருவார்கள், நீங்கள்தான் கேட்கவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிறே, ‘இண்டைக்கு என்ன பிரசங்கம் மகன்?’ என்று அம்மா கேட்கும்போது, கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே இருங்கள். ‘உயிர்த்தெழுந்தார் என்று எனக்குச் சொல்ல முடியவில்லை அம்மா’ என்று எனக்கு எழுதியதை அவருக்குச் சொல்லுங்கள். அப்பா போன பிறகு நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும், இடையில் எழும்பாதீர்கள். சோறு ஆறினால் ஆறட்டும்.