மோஸ்தோ யாருக்காக?

கேள்வி: ஸ்பானியரைத் திருமணம் செய்துகொண்டு மாட்ரிட்டில் வசிக்கிறேன். ஞாயிறு பகல் ஒரு மணிக்கு என் கணவர் வீட்டார் லா லத்தீனா பகுதியில் ஒரு பாரில் கூடுகிறார்கள். ‘அபெரித்திவோ’வாம். எனக்கு மதுப் பழக்கம் இல்லாததால், இரண்டரை மணிக்கு நேரே சாப்பாட்டுக்குப் போகிறேன். மாமியார் எனக்காக மோஸ்தோ வாங்கி வைத்துக் காத்திருப்பதாகக் கணவர் சொல்வார். இரண்டு வருடங்களாகியும் அவர்கள் என்னை அந்நியமாகவே நடத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்நியமாக நடத்துகிறார்கள் என்பதற்கு முந்தைய வரியிலேயே மோஸ்தோ வருகிறது. அது என்ன என்று விசாரித்தீர்களா? புளிக்காத திராட்சைச் சாறு. மது துளியும் கிடையாது. எல்லாரும் வெர்முத் என்னும் மூலிகை மணமூட்டிய திராட்சை மதுவைக் குடிக்கும்போது, குடிக்காத மருமகளுக்கும் ஒரு கிளாஸ் வேண்டுமே என்று அந்த அம்மாள் யோசித்திருக்கிறார். இரண்டு வருடத்தில் நூறு ஞாயிறு. நூறு முறை அந்த கிளாஸில் ஐஸ் கரைந்திருக்கிறது. இதைப் போகிற போக்கில் எழுதுகிறீர்களே, எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே பார் என்பது காலையில் காப்பியும் ரொட்டியும் கிடைக்கும் இடம். தாத்தாக்களும் பேரக்குழந்தைகளும் வந்துபோகும் இடம். ‘திற’ என்னும் லத்தீன் வினையில் பிறந்த சொல் அபெரித்திவோ, பசியைத் திறந்துவிடுவது. ஆலிவ், உருளைக்கிழங்கு சிப்ஸ், வினிகரில் ஊறிய நெத்திலி என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான். வயிறு நிரப்ப யாரும் அங்கே போவதில்லை, சாப்பாடு வீட்டில் காத்திருக்கிறது. மாமனாரின் முழங்கால் வலியும் நாத்தனாரின் வேலைக் கவலையும் அங்கே பேசப்படும். பாதிப் பேச்சு முடிந்தபின் வந்து உட்காருகிறவளுக்கு மீதி எப்படிப் புரியும்?

பெரியவர்கள் கூடும் நேரத்தில் உடன் இருப்பது மருமகளின் கடமை. மருமகனுக்கும் அதே கடமைதான். உங்கள் பெற்றோர் வீடியோ அழைப்பில் வரும்போது கணவரும் பக்கத்தில் உட்காரட்டும். அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

நீங்கள் என்ன குடிப்பீர்கள் என்று மாமியாருக்குத் தெரியும். அவர் வெர்முத்தில் சோடா சேர்ப்பாரா என்று உங்களுக்குத் தெரியுமா? கணவரிடம் கேட்டுவைத்துக்கொண்டு, இந்த ஞாயிறு பன்னிரண்டே முக்காலுக்கே போய்விடுங்கள். அவர் உள்ளே வரும்போது அவருடைய கிளாஸ் மேஜையில் தயாராக இருக்கட்டும். அன்றைய பணத்தை நீங்கள் கொடுங்கள்.