கெட்டிக்காரத் தலைவர் ஒருவர் போதுமா?

கேள்வி: உலகின் படித்தவர்கள் பலர் வேலை செய்தும் ஐ.நா. போன்ற சர்வதேச நிறுவனங்கள் ஏன் இப்படித் தடுமாறுகின்றன? பெரிய கம்பனியொன்றை நடத்திக் காட்டிய முகாமையாளர் ஒருவரைத் தலைமையில் அமர்த்தினால் எல்லாம் சரிவந்துவிடாதா?
(வாசகர் ஒருவர், சுன்னாகம்)

பதில்: சரிவராது. கம்பனி முகாமையாளருக்குப் பணிப்பாளர் சபை ஒன்றுதான், ஐ.நா. செயலாளர் நாயகத்துக்கோ 193 அரசுகள். அவரைப் பொதுச் சபை நியமிக்கிறது என்றாலும், பாதுகாப்புச் சபை சிபாரிசு செய்யாத எவரையும் அது நியமிக்க முடியாது. 1996 இல் அப்போதைய செயலாளர் நாயகம் பூத்ரஸ் பூத்ரஸ் காலியின் இரண்டாம் தவணைக்கு அச்சபையின் 14 நாடுகள் ஆதரவளித்தும், வீட்டோ எனும் தடுப்பதிகாரம் கொண்ட அமெரிக்காவின் ஒரே வாக்கு அவரை வீட்டுக்கு அனுப்பியது. நீங்கள் தேடும் கெட்டிக்காரர் முதலில் இந்தக் கண்ணியில் அகப்படாமல் வரவேண்டும்.

வந்தபின் பணம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரவில் உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் சந்தா அண்மைய ஆண்டுகள் பலவற்றில் ஐந்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை; எஞ்சியதில் பெரும்பகுதி, இன்ன நோய்க்கு, இன்ன நாட்டுக்கு என்று கொடுப்பவரே குறித்துக் கொடுக்கும் நன்கொடை. உபயகாரர் ஒவ்வொருவரும் தத்தம் திருவிழாவுக்கு மேளமும் சாத்துப்படியும் குறைவின்றிச் செய்ய, மடப்பள்ளிக் கூரை ஒழுகுவதைக் கவனிக்க ஆளில்லாத கோயிலின் நிலைதான் அது. அடிப்படை வரவுசெலவில் சந்தாவின் பங்கை 2030-31 அளவில் பாதியாக்குவதென்று 2022 இல் நாடுகள் இணங்கின. இணங்குவது எளிது, கட்டுவதல்லவா விடயம்.

இதனால் அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணவேண்டாம். இலங்கையின் உள்நாட்டுப் போரின்போது, 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது என்று அரசாங்கம் அறிவித்ததும் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியதை நம்மவர் மறக்கவில்லை. அந்தப் போரில் ஐ.நா. நடந்துகொண்ட விதம் பற்றி, முன்னாள் ஐ.நா. அதிகாரி சார்ள்ஸ் பெட்ரி தலைமையில் நடந்து 2012 நவம்பரில் வெளியான உள்ளக மீளாய்வு, உறுப்பு நாடுகளைக் குறைகூறியதோடு நிற்கவில்லை. பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தமது பொறுப்பென்று மூத்த அலுவலர் பலர் கருதாதிருந்ததையும், இறந்தோர் குறித்துத் தாமே திரட்டிய எண்ணிக்கையை வெளியிடாமல் விட்டதையும் எழுதிவைத்தது. தலைவரைத் தெரிவுசெய்வதற்குப் பாதுகாப்புச் சபை வேண்டும், திட்டம் நடத்த நன்கொடையாளர் வேண்டும் என்பது உண்மை. அந்த எண்ணிக்கையை வெளியிடுவதற்கு எந்த நாட்டின் வாக்கும் வேண்டியிருக்கவில்லை.