தினாரியஸைப் பற்றவைக்கலாமா?

வணக்கம் ஐயா,

லண்டன் ஏலத்தில் ரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு ஒன்று வாங்கினோம். எடை 3.1 கிராம். மகளுக்குப் பதக்கமாகச் செய்ய ஆசை. காசின் மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்துத் தருவதாக நகைக்கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? கூடவே ஒரு ரோமானிய வெண்கலக் காசும் இருக்கிறது. அதை மோதிரமாக்க முடியுமா?

ம., லெஸ்டர்

அன்புள்ள ம.,

பற்றவைக்க விடாதீர்கள். பயஸ் காலத்துத் (138–161) தினாரியஸில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பங்குதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இந்தக் கலவை 779 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். கெட்டி வெள்ளிப் பற்றாசு ஓடும் சூடும் அதை ஒட்டியதுதான். உருகாமல் தப்பினாலும் விரிசல் விடலாம். நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் அரித்து, பிஸ்கட் போல ஒடியும் நிலையில் இருக்கலாம். செம்பின் மேல் வெள்ளித்தோல் போர்த்திய அந்தக் காலத்துக் கள்ளக்காசாக இருந்தால் தோல் கொப்புளித்துவிடும். விளிம்பில் எங்காவது சிவப்பு எட்டிப்பார்க்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சரியான வழி, காசைத் தாங்கும் சட்டத்தை முழுக்கச் செய்து முடித்துவிட்டுக் காசைக் கடைசியில் பதிப்பது. ரோமானியர்களே மூன்றாம் நூற்றாண்டில் தங்கக் காசுகளைத் துளைவேலைச் சட்டங்களில் பதித்து அணிந்திருக்கிறார்கள். ஆயத்தமாக விற்கும் வட்டச் சட்டங்கள் உதவாது. அவை இயந்திரத்தில் அடித்த இன்றைய காசுகளுக்கானவை. உங்கள் காசு கையால் அடித்தது, எப்படியும் கோணலாகத்தான் இருக்கும். விளிம்பைச் சுற்றிக் காகித நாடாவை ஒட்டி நீளம் எடுக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கு 999 வெள்ளியில் (ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளி) 0.3 மி.மீ. கனப் பட்டை போதும். 925 வெள்ளி விறைப்பானது. அதை மடிக்கக் கொடுக்கும் அழுத்தம் காசின் மேல்தான் விழும். பட்டைக்குள் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைப் படியாக வைத்துப் பற்றவைத்தால் காசு அதன்மேல் உட்காரும், பின்பக்கமும் திறந்திருக்கும். படிக்கு மேலே பட்டை, காசின் கனத்தைவிட ஒரு மி.மீ. உயர்ந்து நின்றால் போதும்.

மேல்வளையம், அமிலக் குளியல், மெருகு எல்லாம் முடிந்த பிறகே காசை உள்ளே விடலாம். அளவு பார்க்கும்போது அடியில் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் போட்டுக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் தூக்க அதுதான் கைகொடுக்கும், நெம்பினால் காசு போச்சு. பட்டையை ஒரே திசையில் சுற்றி அழுத்தினால் உபரி வெள்ளி ஓரிடத்தில் சுருங்கி நிற்கும். மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிராக மெல்ல மடித்துவிட்டு, பிறகு இடைவெளிகளுக்குப் போகட்டும்.

வெண்கலக் காசில் மோதிரம் வேண்டாம். வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்தால், காசை அரித்துக்கொண்டே போகும் வெண்கல நோய் கிளம்பும். இளம்பச்சைப் பொடி ஊசிமுனையில் உதிர்ந்தால் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். புளி, எலுமிச்சை எதுவும் போடாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

மேல்வளையத்துக்கு இடம் குறிக்கும் முன் காசைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்க முகம் நேராக நின்றால் பின்பக்க உருவம் தலைகீழாகவோ சாய்ந்தோ இருக்கலாம். முகத்தையே கணக்கில் வையுங்கள்.