தேதி தெரிந்த செலவுகள்

கேள்வி: எனக்கு 36 வயது. கணவர் எங்களை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை, கைக்கு 14,000 ரூபாய் வருகிறது. மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது, மகன் தனியார் பள்ளியில் மூன்றாவது. வாடகை 3,500, மளிகை காய்கறி 3,800, பால் 900, கேஸுக்கு 450, போனுக்கு 300, பையனின் வேனுக்கு 1,000. குழுவில் எடுத்த 30,000 ரூபாய்க்கு வாரம் 650 கட்டுகிறேன், இன்னும் இருபது வாரம் பாக்கி. ஜூனில் பையனுக்கு பீஸ் 12,000. தீபாவளிக்கு 5,000, அம்மா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு 2,500, மொய் வருஷத்துக்கு 6,000 ஆகிவிடுகிறது. ரேஷன் கார்டு மாமியார் வீட்டில் இருப்பதால் அரிசியும் கடையில்தான். முட்டையை நிறுத்திவிட்டேன். அப்படியும் ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி குழுக்கடன் வாங்குகிறேன். இருக்கிற இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா? இன்னும் எதைக் குறைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். வாரத் தவணையை மாதக் கணக்காக்கினால் 2,800 வருகிறது. எல்லாம் சேர்த்து மாதச் செலவு 12,750. கையில் நிற்பது 1,250. இதற்குள் ஒரு வீட்டை இழுத்துப் பிடித்து நடத்துகிறவரிடம் இன்னும் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உங்கள் அடுப்படியில் ஓட்டை எதுவும் இல்லை.

ஜூன் பீஸ், தீபாவளி, கொடை, மொய் இந்த நான்கையும் கூட்டுங்கள். வருஷத்துக்கு 25,500. மாதத்துக்குப் பிரித்தால் 2,125. மருந்து, துணிமணி தனி. உங்களிடம் இருப்பதோ 1,250. அதனால்தான் ஜூன் வந்ததும் குழுவில் போய் நிற்கிறீர்கள். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். குழுத் தவணை மட்டும் இல்லையென்றால் மாதம் 4,050 மிஞ்சும். அதில் இந்த நான்கு செலவும் அடங்கி, மருந்துக்கும் துணிக்கும் மிச்சம் வரும். போன வருஷத்து ஜூனுக்கும் தீபாவளிக்கும் இந்த வருஷம் முழுக்க வட்டியோடு கட்டுகிறீர்கள். அதில் சம்பளம் போய்விடுவதால் இந்த வருஷத்துக்கு மறுபடி கடன். 30,000 வாங்கி 33,800 கட்டுவதில் 3,800 வெறும் வட்டி. பொதுவாக எல்லோரும் சொல்வதுபோல் டீயைக் குறை, கரண்டைக் குறை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு ஜூனைக் குழுக்கடன் இல்லாமல் தாண்டுவதுதான் உங்கள் வேலை.

இருபது வாரம் என்றால் ஐந்து மாதம். மாதம் மிஞ்சும் 1,250-ஐத் தொடாமல் வைக்க முடிந்தால் 6,250 சேரும். மீதிக்கு வழி இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, அந்த ரேஷன் கார்டு. ஆறு வருஷமாக உங்கள் மூன்று பேருடைய பெயரும் அந்த வீட்டு அட்டையில் கிடக்க, நீங்கள் கடையில் அரிசி வாங்குகிறீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் அதற்கே போகும். ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்குப் போடுங்கள், ரேஷன் புழுங்கலரிசி மாவு நன்றாகவே வரும். பிரிந்து வாழ்கிறேன், பெயர்களை நீக்கித் தனி அட்டை வேண்டும் என்று எழுதி, வட்ட வழங்கல் அலுவலரைப் போய்ப் பாருங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், மூன்று பேர் ஆதார் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று கையில் இருக்கட்டும். மாமியார் வீட்டில் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று தயங்கி உட்கார்ந்துவிடாதீர்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், ரசீது வாங்கி வையுங்கள்.

மகளிர் உரிமைத்தொகையும் இந்த அட்டையில்தான் தொங்குகிறது. 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய திட்டம் அது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர்தான், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி வைத்தார்கள். உங்கள் வருமானம் 1,68,000. பழைய அட்டையில் இருக்கும் வரை நீங்கள் எவ்வளவு தகுதியானவராக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். மகள் அரசுப் பள்ளியில், மகன் தனியார் பள்ளியில். ஏன் இப்படி என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்காக பீஸும் வேனுமாக வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் போகிறது. உங்கள் கடனின் பெரும்பகுதி அதுதான். அவனை வரும் ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் அந்த 12,000 தேவையே இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள். மதியம் முட்டையோடு சாப்பாடு. காலையில் கடைக்கு ஓடுகிற உங்களுக்கு அது காசை விடப் பெரிய உதவி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டங்களும் இப்படிப் படித்தவர்களுக்காக வந்தவையே. ஊரில் நாலு பேர் பேசுவார்கள். உங்கள் வாரத் தவணையை அவர்கள் கட்டுவதில்லை. ஆனால் சேர்க்கும் முன் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள், நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், வீட்டிலிருந்து நடக்கிற தூரமா என்று பாருங்கள். பையனுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள், தண்டனை மாதிரி அவனுக்குத் தோன்றக் கூடாது.

அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஜூனில் ஐந்தாறாயிரம் குறையும். அப்போது மட்டும் சங்கிலியை வையுங்கள். தெருமுனை அடகுக்கடையில் வேண்டாம், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். குறைகிற தொகை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும். இரண்டு பவுனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு முழுசாக வாங்கிவிடக் கூடாது. இப்போதே வைத்துக் குழுக்கடனை முடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இருபது வாரம் ஓடிவிடும்.

குழுவில் மற்றப் பெண்கள், அடுத்த சுற்றுக்கும் நீ வேண்டும், இல்லையென்றால் எங்களுக்குக் கிடைக்காது என்று சொல்லக்கூடும். கடைசித் தவணை வரை காத்திராமல் இப்போதே தலைவியிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். கடைசித் தவணை முடிந்த மறுவாரத்திலிருந்து அதே கிழமையில் அதே 650-ஐத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 500 ரூபாய் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள். மழையோ காய்ச்சலோ, ஒரு வாரம் தவறாமல் குழுவுக்குக் கட்டிய கை உங்களுடையது. அதே பழக்கத்தில் வருஷத்துக்கு 33,800 உங்கள் பெயரில் நிற்கும்.

மொய் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கறாராக இருக்கலாம். உங்கள் கல்யாண மொய் நோட்டு அம்மா வீட்டில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்தார் எழுதியதைத்தான் நீங்கள் திருப்ப வேண்டும். கணவர் வீட்டு உறவுக்காரர்களின் சடங்கு வீட்டுக்கும் பால்காய்ச்சுக்கும் பெயர் கெட்டுப்போகுமே என்று தனியாளாக ஐந்நூறு ஐந்நூறாகச் செய்வதை நிறுத்திவிடுங்கள். ஆறாயிரத்தில் பாதி அப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன். கொடைக்கும் அம்மா வீட்டுத் தலைக்கட்டு வரி அண்ணன் தம்பிகள் கொடுப்பார்கள்தானே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், சாமி கும்பிடுங்கள், சொந்தக்காரர்களோடு இருந்துவிட்டு வாருங்கள். எல்லோருக்கும் துணி எடுத்துக்கொண்டு போகிற கடமை உங்களுக்கு இல்லை.

முட்டையைத் திரும்ப வாங்குங்கள். வாரத்துக்குப் பத்து முட்டை போதும். மகளுக்குப் பதின்மூன்று வயதாகிறது. நம் ஊரில் அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொடுக்காத வீடு உண்டா? தொலியுளுந்து ரொம்ப விலையில்லை. கூட்டாஞ்சோறு வைத்தால் அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கிடைத்த காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும், கேஸும் மிச்சம். சாளை மீன் மலிவாக வருகிற நாளில் கால் கிலோ வாங்குங்கள். மகாராஜ நகர் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம் என்றால் விடுமுறை நாளில் வாரக் காய்கறியை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது நூறு ரூபாய் சொச்சம்தான் பிடிப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். பிள்ளைகளுக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். பிடித்தம் இருந்து அட்டை வாங்காமல் இருக்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. கணக்குப் பிரிவில் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கணவரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய் வருவதாகக் கடிதத்தில் இல்லை. அவருக்கு வருமானம் இருந்தால் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவில் (முன்பு 125-வது பிரிவு என்று சொல்வோமே, அதுதான்) மனுப் போடலாம். விவாகரத்து வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. வக்கீலுக்குப் பணம் எங்கே என்று யோசிக்காதீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அவர் எங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்த விவரம், உங்கள் செலவுக் கணக்கு இவற்றை எடுத்துப் போங்கள். எனக்கு எழுதிய கணக்கையே நகல் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.