டர்பனின் எண்ணெய் ஆலைகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தென் டர்பனில் ஆலைகளுக்கு நடுவே உள்ள மெர்பேங்கின் காற்றைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த கட்டுரையை என் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெல்டர், ஒப்பந்தக்காரர்களிடம் முப்பது ஆண்டுகள் இருந்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், பராமரிப்புக்காக ஓட்டத்தை நிறுத்தும் ‘ஷட்டவுன்’ வரும்போதெல்லாம் வேலைக்குப் போனவர். “புகை, புகை என்று போராடியே ஆலைகளை மூட வைத்துவிட்டார்கள், இனிப் பெட்ரோலைக் கப்பலில் இறக்கிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதுதான்” என்று வருந்தினார். மெர்பேங்கில் வளர்ந்த என் மனைவியோ, மூடியதே நல்லது, போராடியவர்கள் வென்றார்கள் என்கிறார். ஆறு ஆலைகள் வைத்திருந்த நாடு ஏன் இப்படி ஆனது? இருவரில் யார் சொல்வது சரி?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தந்தையாரின் துயரமும் உங்கள் மனைவியாரின் நிம்மதியும் உண்மையானவை. ஆனால் போராட்டம்தான் ஆலைகளை மூடியது என்று இருவருமே நம்புகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்த நம்பிக்கையால் பயன் பெறுகிறவர்கள், பணம் போட வேண்டிய காலத்தில் போடாமல் இருந்தவர்கள் மட்டுமே என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் மண்ணில் நிலக்கரி உண்டு. சொல்லும்படியான கச்சா எண்ணெய் இல்லை. ஆகவே இங்கே சுத்திகரிப்புத் தொழில் தொடக்கம் முதலே துறைமுகத்தையோ நிலக்கரியையோ நம்பியே வளர்ந்தது. 1950இல் நிறுவப்பட்ட சாசோல் நிறுவனம், 1955இல் சாசோல்பர்க்கில் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுத்தது. அதற்குச் சற்று முன்னர், 1954இல், டர்பனின் வென்ட்வொர்த்தில் ஸ்டான்வாக் நிறுவனத்தின் ஆலை வந்தது. பின்னாளில் அது மோபில் ஆகி, பிறகு எஞ்ஜென் ஆயிற்று. 1963இல் ஷெல்லும் பிபியும் சேர்ந்து டர்பனின் நம் தென்பகுதியில் ஸாப்ரெஃப் ஆலையைக் கட்டின. 1966இல் கேப்டவுனில் கால்டெக்ஸ், 1971இல் சாசோல்பர்க்கில் நாட்ரெஃப், 1980களின் தொடக்கத்தில் செகுண்டாவில் சாசோலின் பெரிய ஆலைகள், 1992இல் மோசல் பேயில் எரிவாயுவைத் திரவ எரிபொருளாக்கும் ஆலை என்று தொழில் விரிந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 இலட்சம் பீப்பாய்த் திறன். அதில் ஸாப்ரெஃபின் பங்கு மட்டும் 1,80,000.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருந்தது இலாபக் கணக்கு மட்டுமன்று, முற்றுகையின் அச்சமும்தான். 1973இல் அரபு நாடுகள் நிறவெறி அரசுக்கு எண்ணெய் தர மறுத்தபோது, ஈரானின் ஷா தந்தார். நாட்ரெஃபில் ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனத்துக்குப் பங்கே இருந்தது. 1979இல் ஷா வீழ்ந்ததும் அந்தக் கதவும் அடைபட்டது. அதன்பின் அரசு, கூடுதல் விலை கொடுத்து மறைமுகமாகக் கச்சா எண்ணெய் வாங்கியது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது என்று வெளியிடுவதைச் சட்டத்தால் தடுத்தது. 1980இல் விடுதலைப் படையினர் சாசோலின் ஆலைகளைத் தாக்கினார்கள். அதே ஆண்டு வந்த முக்கிய நிலையங்கள் பாதுகாப்புச் சட்டம் ஆலைகளைச் சுற்றி இன்னொரு மதிலை எழுப்பியது. எண்ணெய்க்காக எழுப்பிய அந்த மதில் புகையையும் மறைத்தது என்பதை நாம் பேசுவதே இல்லை. எந்தக் குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று வேலிக்கு வெளியே இருப்பவர் கேட்டால், அது நாட்டின் பாதுகாப்பைத் துருவும் கேள்வியாகிவிடும்.

வேலிக்கு வெளியே இருந்தவர்கள் நாம். சேற்று நிலத்தில் கீரையும் காய்கறியும் பயிரிட்ட இந்தியக் குடும்பங்கள் மெர்பேங்கில் ஆலைகளுக்கு முன்பிருந்தே வாழ்ந்தன. அதன்பின், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் வேறிடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களை நகராட்சி 1960களில் அங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. வடக்கே ஓர் ஆலை, தெற்கே ஓர் ஆலை, நடுவில் காகித ஆலை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்த ஆண்டுகளில், காற்று திசை மாறினால் சன்னல்களைச் சாத்திவிட்டு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. பின்னர் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, பாதிக்குப் பாதி மாணவர்களிடம் ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது.

இப்போது தந்தையாரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1995இல் எஞ்ஜென் ஆலைக்கு வந்த மண்டேலா, வழியில் பதாகைகளோடு நின்றவர்களைக் கண்டு இறங்கிப் பேசினார். தென் டர்பனின் மக்கள் அமைப்புகள் அக்காலத்தில்தான் ஒன்றிணைந்தன. 2000இல் அரசு பல்முனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. காற்றை அளக்கும் நிலையங்கள் வந்தன, உரிமங்கள் இறுகின, அடுத்த சில ஆண்டுகளில் கந்தக டை ஆக்சைடு கணிசமாகக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் ஆலைகள் மூடப்படவில்லை என்பதைத் தந்தையாரிடம் சொல்லுங்கள். புகையும் குறைந்தது, ஷட்டவுன் வேலையும் தொடர்ந்தது. போராடியவர்கள் கேட்டதும் பெரும்பாலும் அதைத்தான்.

முறிவு வந்தது வேறு இடத்தில். டீசலில் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தை 10 பங்காகக் குறைக்கும் விதியை அரசு 2012இல் வெளியிட்டு, 2017ஐக் கெடுவாக வைத்தது. அதற்கு ஒவ்வோர் ஆலையிலும் ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கும் புதிய அலகுகள் வேண்டும், பெருஞ்செலவு. செலவை மீட்க வழி சொல்லுங்கள் என்றன நிறுவனங்கள். அரசு உறுதி தரவில்லை. கெடு 2023க்குப் போயிற்று, பிறகு 2027 சூலைக்குப் போயிற்று. காத்திருந்த ஆண்டுகளில் ஆலைகள் மேலும் பழையனவாயின. ஐம்பது அறுபது ஆண்டு வயதான நம் ஆலைகளின் முன்னால் குசராத்தின் சாம்நகர் நிற்கிறது. அந்த ஒரே வளாகத்தின் திறன் நாளொன்றுக்கு 12 இலட்சம் பீப்பாய்களுக்கும் மேல், நம் ஆறு ஆலைகளையும் கூட்டினாலும் எட்டாத அளவு. அங்கிருந்து தூய டீசலைக் கப்பலில் கொண்டுவருவது, இங்கே கச்சா எண்ணெயைக் காய்ச்சுவதைவிட இலாபம் என்று கணக்கர்கள் கண்டபின் மற்றவை விரைவாக நடந்தன.

2020 சூலையில் கேப்டவுன் ஆலையில் நடந்த வெடிப்பில் இருவர் இறந்தார்கள். அந்த ஆலை 2023இல்தான் மீண்டும் ஓடியது. மோசல் பே ஆலைக்கு எரிவாயு தீர்ந்துபோயிற்று. 2020 திசம்பர் 4ஆம் நாள் காலையில் வென்ட்வொர்த்தின் எஞ்ஜென் ஆலை வெடித்தது. சாலைக்கு எதிரே இருந்த அடுக்குமாடி வீடுகளிலும் தீப் பிடித்தது. மறு ஆண்டே அதை இறக்குமதி முனையமாக்குவதாக எஞ்ஜென் அறிவித்தது. ஸாப்ரெஃப் 2022 மார்ச்சு இறுதியில் நிறுத்தப்பட்டது. இரண்டே வாரத்தில் வந்த ஏப்ரல் வெள்ளம் அதன் இயந்திரங்களை மூழ்கடித்தது. இவற்றில் எதுவும் மெர்பேங்கின் நுரையீரலுக்காக எடுத்த முடிவன்று. அதனால்தான் இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விலை குறித்து: பெட்ரோலின் அடிப்படை விலையை அரசு பல பத்தாண்டுகளாகவே, அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து நம் துறைமுகத்தில் இறங்கியதாகக் கொண்டே கணக்கிடுகிறது. வென்ட்வொர்த்தில் காய்ச்சிய பெட்ரோலுக்கும் சிங்கப்பூர் விலையும் கப்பல் கூலியும் சேர்த்தே நாம் கொடுத்தோம். ஆகவே ஆலை மூடியதால் மட்டும் விலைப்பலகையின் எண் உயர்ந்துவிடாது. கப்பல் தாமதமானால் தட்டுப்பாடு வரும் என்ற தந்தையாரின் கவலை நியாயமானது. தொழில் தெரிந்த கைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டதும் பேரிழப்புதான்.

2024இல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் ஸாப்ரெஃபை 1 ரேண்டுக்கு வாங்கிக்கொண்டது. அந்த ஒரு ரேண்டோடு, அறுபது ஆண்டு எண்ணெய் ஊறிய நிலமும் பொதுமக்களின் சொத்தாயிற்று. 2001இல் நிலத்தடிக் குழாய் கசிந்து, பத்து இலட்சம் லிட்டருக்கும் மேலான பெட்ரோல் வீடுகளின் அடியில் பரவியதை நாம் மறந்துவிடலாகாது. மீண்டும் ஆலை கட்டுவார்களோ, முனையமாக வைத்திருப்பார்களோ, எதுவாயினும் அந்த மண்ணின் பரிசோதனை முடிவுகளை முதலில் வெளியிட வேண்டும். தூய்மைப்படுத்தும் வேலைக்கு அங்கே உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர்களையே முதலில் அழைக்க வேண்டும். எந்தத் தொட்டியின் அடியை எந்த ஆண்டு ஒட்டுப்போட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தந்தையார் தாம் சென்ற ஷட்டவுன்களின் ஆண்டுகளைக் குறித்து வைத்திருந்தால், அவருக்குச் சம்மதமானால், எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்